பொடியானால் மறையும் அடையாளம்: காவாவின் தரமும் கலப்படமும்

பிஜி, வனுவாட்டு, டோங்கா, சமோவா முதலிய பசிபிக் தீவுகளில் சடங்குகளிலும் மாலை நேரக் கூட்டங்களிலும் அருந்தப்படும் காவா, மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய உறவுடைய பைப்பர் மெதிஸ்டிகம் என்னும் புதர்ச்செடியின் வேரிலிருந்து கிடைக்கிறது. வேரை இடித்துக் குளிர்ந்த நீரில் பிசைந்து வடிகட்டிக் குடித்தால் நாக்கு மரத்துப்போகும், தசைகள் தளரும், மனம் அமைதியடையும். 1903 முதல் சென்னையிலிருந்து பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தென்னிந்தியர்களின் வழிவந்தவர்களிடமும் இந்தப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. அத்தீவுகளின் சிறு விவசாயிகளுக்கு இது முதன்மையான பணப்பயிர்களுள் ஒன்று. அந்த வருமானத்தை அரிக்கும் தரக்கேடும் கலப்படமும் எப்படி நேர்கின்றன, அவற்றை எப்படிக் கண்டறிகிறார்கள் என்பதை அறிய முதலில் செடியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

காவா விதை மூலம் பெருகுவதில்லை. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத் தண்டை வெட்டி நட்டு வளர்த்ததால், அது இன்று தானாக இனம்பெருக்கும் ஆற்றலையே இழந்துவிட்டது. அதன் வேதியியல் வேறுபாடுகள் யாவும் இந்தத் தேர்வின் விளைவுகள். வேரில் உள்ள காவாலாக்டோன் என்னும் சேர்மங்களுள் ஆறு முதன்மையானவை. அவற்றுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து, ஒரு வகையில் எது மிகுதி, எது அடுத்தது என்று இறங்குவரிசையில் எழுதினால் அந்த வகையின் வேதி அடையாள எண் கிடைத்துவிடும். விரைவில் தொடங்கி விரைவில் விலகும் தன்மையுடைய கவைன் (எண் 4) முன்னிற்கும் வகைகள் பெரும்பாலும் 'நோபிள்' எனப்படும் உயர்தர வகைகள். டைஹைட்ரோகவைனும் (எண் 2) டைஹைட்ரோமெதிஸ்டிசினும் (எண் 5) முதலிரு இடங்களைப் பிடித்தால், அதாவது எண் 25 அல்லது 52 என்று தொடங்கினால், அது 'டூடே' வகையாக இருக்கும். அதன் தாக்கம் மறுநாளும் நீடிக்கும். குமட்டலும் தலைபாரமும் கூடவே வரும். மேலும், டூடே வேரில் ஃபிளேவோகவைன் பி என்னும் நிறமிச் சேர்மமும் மிகுதி. ஆய்வகத்தில் உயிரணுக்களுக்கு நச்சாக அமைவது அறியப்பட்டிருப்பதால், ஆய்வாளர்கள் இதைக் கவலையுடன் பார்க்கிறார்கள்.

வனுவாட்டு 2002-இல் இயற்றிய காவா சட்டம் இந்த வகைகளைப் பிரித்து, டூடே வகையையும் காட்டுக் காவாவையும் சாதாரண ஏற்றுமதியிலிருந்து விலக்குகிறது. ஆயினும் டூடே வீரியமாக வளரும், விளைச்சலும் மிகுதி. நோபிள் வகையைத் தோண்ட மூன்று ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். நல்ல வேருக்கு ஐந்தாண்டு விளைச்சலை விரும்புவோரும் உண்டு. இந்தக் காத்திருப்புதான் ஆசைக்கு இடம் தருகிறது. 2015 மார்ச்சில் பாம் புயல் வனுவாட்டுவையும், 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் பிஜியையும் சூறையாடியபின் வரத்து குறைந்து விலை ஏறியபோது, இளஞ்செடிகளைப் பிடுங்கி விற்பதற்கான தூண்டுதலும் பெருகியது. இதற்காக விவசாயியை மட்டும் பழிப்பது நியாயமாகாது. புயலில் தோட்டத்தை இழந்தவர் அடுத்த ஐந்தாண்டுக்குக் காத்திருக்க முடியாது. ஏறிய விலையின் பெரும்பகுதி அவரைவிட இடைத்தரகர்களையே சென்றடைந்திருக்க வாய்ப்புண்டு.

செடியின் எந்தப் பகுதி விற்கப்படுகிறது என்பதும் தரத்தைத் தீர்மானிக்கிறது. பிஜியில் வாகா எனப்படும் பக்கவேர்களில் காவாலாக்டோன் செறிவு மிகுதி. லெவேனா எனப்படும் அடிக்கிழங்கில் குறைவு. தண்டில் இன்னும் குறைவு. விலையும் அதே வரிசையில் இறங்கும். இலையிலும் தண்டின் தோலிலும், கல்லீரலுக்குக் கேடு செய்யலாம் என ஐயுறப்படும் பைப்பர்மெதிஸ்டின் என்னும் ஆல்கலாய்டு இருக்கிறது. வேரில் அது ஏறத்தாழ இல்லை. எனவே தோலை நன்றாகச் சீவி, மண் போகக் கழுவி உலர்த்துவது சுவைக்காக மட்டும் செய்யப்படுவதன்று. உலர்த்தலிலும் இடர்ப்பாடுகள் உண்டு. பச்சை வேரில் பெரும்பகுதி நீர். மழைக்காலத்தில் அதைத் தகரக் கூரையிலோ தரையிலோ பரப்பி அரைகுறையாக உலர்த்தி மூட்டை கட்டினால், பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுவதற்கு ஏற்ற ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

முழு வேராக விற்கும்வரை தேர்ந்த கண் பார்த்துச் சொல்லிவிடலாம். பொடியாக்கிவிட்டால் வகை, வயது, பகுதி ஆகிய மூன்றும் ஒருசேர மறைந்துவிடுகின்றன. மிளகில் பப்பாளி விதையைக் கலப்பது நம் ஊரில் தெரிந்த மோசடி. ஆயினும் அங்கே உருவமாவது காட்டிக்கொடுக்கும். இங்கே தண்டுப்பொடியும் மாவும் கலந்தாலும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் பெரிதாக மாறுவதில்லை.

அங்குதான் வேதியியல் உதவிக்கு வருகிறது. வின்சென்ட் லெபோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய சோதனையொன்றில், சிறிதளவு பொடியைச் சோதனைக் குழாயில் இட்டு அசிட்டோன் ஊற்றிக் குலுக்கி, பொடி அடியில் படியும்வரை விடுகிறார்கள். காவாலாக்டோன்களும் ஃபிளேவோகவைன்களும் கரைந்து மேலே தெளிந்த திரவம் நிற்கிறது. நோபிள் என்றால் அது மஞ்சளாக இருக்கும். டூடே என்றால் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். கண்ணின் மதிப்பீட்டை நம்பாமல், நீல ஒளியில் 440 நானோமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று அளந்தால் எண்ணாகவே விடை கிடைக்கும். இது வகையை வடிகட்டும் முதற்கட்டச் சல்லடை மட்டுமே. மாவு கலந்திருப்பதை இது தெளிவாகக் காட்டாது. அதற்கு நுண்ணோக்கியில் மாவுச்சத்துத் துகள்களின் வடிவத்தை ஒப்பிட வேண்டும், அல்லது காவாலாக்டோன் அளவையே திரவ நிறப்பகுப்புக் கருவியில் அளந்து, எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருப்பதைக் காண வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் தேவைப்பட்டது என்றால், கல்லீரல் பாதிப்புப் புகார்களை அடுத்து 2002-இல் ஜெர்மனி காவா மருந்துகளைத் தடை செய்தது. அப்போது அங்கே விற்பனையானவை கரைப்பான்களால் பிரித்தெடுத்த மாத்திரைகள். அவற்றின் மூலப்பொருள்களில் தண்டுத்தோல் கலந்திருந்ததாக ஆய்வாளர்கள் ஐயுற்றார்கள். பாதிப்புக்கான ஒரே காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. 2014-இல் கொலோன் நிர்வாக நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2019-இல் ஜெர்மனி மீண்டும் தடை விதித்தது. பசிபிக் நாடுகளின் கூட்டு முயற்சியால் நீரில் கலந்து அருந்தும் காவாவுக்கான, கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் பிராந்தியத் தரநிலை 2020-இல் ஏற்கப்பட்டது. 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியா வணிக இறக்குமதியைச் சோதனை முறையில் அனுமதித்தது.

என் பார்வையில், துறைமுகத்தில் செய்யும் சோதனையைவிட நாற்றங்காலில் செய்யும் சோதனை பயன்மிக்கது. தண்டால் மட்டுமே பெருகும் செடி என்பதால், ஒரு தாய்ச்செடியின் அடையாள எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டால், அதிலிருந்து வெட்டி நடப்படும் அனைத்தும் அதே வகையாகவே இருக்கும்.