எண்டர் தட்டும் வரை மெயின்ஃப்ரேமுக்கு ஒன்றும் தெரியாது

மெயின்ஃப்ரேம் எனும் பெருங்கணினியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எழுதக் கூடாத இடத்தில் கர்சரை வைத்து ஏதோ ஓர் எழுத்தைத் தட்டிவிட்டேன். திரையின் அடிவரியில் ஒரு எக்ஸ் குறி, அதன் பக்கத்தில் இரண்டு அம்புகளுக்கு நடுவே குட்டியாய் ஒரு மனித உருவம். அதன்பின் எந்தக் கீயும் எடுபடவில்லை. “அங்க எழுத முடியாது, வேற இடத்துக்குப் போன்னு சொல்லுது. ரீசெட் தட்டுப்பா” என்றார் பக்கத்து சீட் சீனியர். கடல் தாண்டி இருக்கும் மெயின்ஃப்ரேம்தான் என்னை அதட்டுகிறது என்று நினைத்தேன். உண்மையில் நான் தட்டியது அதற்குத் தெரியவே தெரியாது. பூட்டியது என் மேஜைக் கணினியில் ஓடிய டெர்மினல் எமுலேட்டர், அதாவது பழைய டெர்மினலைப் போல நடிக்கும் மென்பொருள்.

இந்தப் பழக்கம் ஐபிஎம் 1971-ல் அறிவித்த 3270 டெர்மினல்களிலிருந்து, அதாவது மெயின்ஃப்ரேமோடு பேசும் திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவிகளிலிருந்து, வருகிறது. திரைக்கு 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1,920. தொலைபேசி லைனில் நொடிக்கு 4,800 பிட் போனால், திரை முழுவதையும் நிரப்ப 3.2 நொடி ஆகும். அந்த ஒரே லைனைப் பல டெர்மினல்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக அங்கே போய் வந்தால் லைனும் தாங்காது, மெயின்ஃப்ரேமுக்கும் வேறு வேலை ஓடாது.

வங்கியில் செலான் நிரப்புவது போலத்தான் இதற்கு வழி செய்தார்கள். நாம் அடித்துத் திருத்தி எழுதுவதை கவுண்டரில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நிரப்பி நீட்டினால் வாங்கிக்கொள்வார். மெயின்ஃப்ரேமும் வெற்றுப் படிவத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஒரு பைட் உண்டு: இங்கே எழுதலாமா, எண் மட்டும்தானா, எழுதுவது கண்ணுக்குத் தெரியலாமா என்று அது சொல்லும். அந்த பைட்டும் திரையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வெறும் இடைவெளியாக. மெயின்ஃப்ரேம் திரைகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஓர் எழுத்து காலியாகக் கிடப்பது அதனால்தான்.

அதே பைட்டில் ஒரு பிட், ‘இந்தக் கட்டம் மாறியிருக்கிறது’ என்று குறித்துக்கொள்ள. எண்டர் தட்டியதும் குறி விழுந்த கட்டங்கள் மட்டும் கிளம்பும். பத்து இலக்கக் கணக்கு எண் ஒன்றைத் தட்டினீர்கள் என்றால், எந்தக் கீ என்பதற்கு 1 பைட், கர்சர் இருந்த இடத்துக்கு 2, கட்டத்தின் முகவரிக்கு 3, எண்ணுக்கு 10. ஆக மொத்தம் 16 பைட். 1,920 எங்கே, 16 எங்கே!

மறுமுனையிலும் இதே சிக்கனம்தான். மெயின்ஃப்ரேமில் பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருளான சிஐசிஎஸ்ஸில் ஓடும் புரோகிராம் பெரும்பாலும் திரையை அனுப்பியதும் முடிந்துபோகும். தேவையான நாலு தகவலை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் போகும். நீங்கள் டீ குடிக்கப் போய் அரை மணி கழித்து வந்தாலும், உங்களுக்காக அங்கே எந்தப் புரோகிராமும் காத்துக்கொண்டு நிற்காது. எண்டர் வந்ததும் அது புதிதாக எழுந்து, வைத்ததை எடுத்துத் தொடரும்.

இணைப்பு உண்டாகும் விதம் கொஞ்சம் வேடிக்கையானது. ஐபிஎம் 1974-ல் கொண்டுவந்த எஸ்என்ஏ நெட்வொர்க்கில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு பெயர் உண்டு, அப்ளிகேஷனுக்கும் உண்டு. லாகான் என்று அடித்து அப்ளிகேஷன் பெயரைக் கொடுத்தால், இணைப்புகளை மேய்க்கும் விடிஏஎம் என்ற மென்பொருள் அந்த அப்ளிகேஷனிடம் விஷயத்தைச் சொல்லும். அப்ளிகேஷன் சம்மதித்தால், பேச்சுக்கான நிபந்தனைகளை ‘பைண்ட்’ என்ற செய்தியாக டெர்மினலுக்கு அனுப்பும். கதவைத் தட்டுவது நாம். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது அப்ளிகேஷன்.

பிறகு இணையத்தின் அடிப்படை முறையான டிசிபி/ஐபி வந்தது. பழைய கேபிளும் கன்ட்ரோலரும் போயின. தொலைவில் உள்ள கணினியோடு எழுத்தில் பேசும் பழைய முறையான டெல்நெட் மேலேயே 3270-ஐ ஏற்றி டிஎன்3270 என்றார்கள். டெல்நெட்டுக்கு எழுத்துகள் வரிசையாக ஓடும், அவ்வளவுதான். செய்தி எங்கே முடிகிறது என்ற கணக்கு அதற்குக் கிடையாது. அதனால் இரு முனைகளும் முதலிலேயே மூன்று விஷயம் பேசிக்கொள்ளும்: நான் இன்ன மாடல் டெர்மினல், பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பு, ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் 255, 239 என்ற இரண்டு பைட்டை அடையாளமாகப் போடு. மெயின்ஃப்ரேமில் இருக்கும் டிஎன்3270 சர்வர், விடிஏஎம்மிடம் நமக்காக டெர்மினல் வேஷம் போடும். கையிருப்பில் உள்ள பெயர்களில் ஒன்றை நமக்கு ஒட்டிவிடும். எழுபதுகளில் எழுதிய புரோகிராமுக்கு, எதிரே இருப்பது லேப்டாப் என்ற விவரமே எட்டாது.

ஆனால் அந்தப் பெயரை நம்பியே சில வேலைகள் நடந்தன, குறிப்பாக பிரிண்டர். எந்தப் பெயருக்கு அச்சு போக வேண்டும் என்று அப்ளிகேஷன் கணக்கு வைத்திருக்கும்போது, தினம் ஒரு பெயர் கிடைத்தால் என்ன ஆகும்? இன்ன பெயர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கும் வசதி டிஎன்3270இ-யில் வந்தது. அதன் 1998 வரையறைதான் இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று, பாஸ்வேர்டு. அந்தக் கட்டத்தில் அடிப்பது திரையில் தெரியாததால் பத்திரம் என்று தோன்றும். மறைப்பு திரையோடு சரி. வெறும் டெல்நெட்டில் அது லைனில் திறந்தபடியேதான் போகும். நடுவில் ஒட்டுக்கேட்பவர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஐபிஎம்மின் எப்சிடிக் அட்டவணையை வைத்துப் படித்துவிடலாம், அதில் பெரிய ‘ஏ’ 193, ‘பி’ 194 என்று. டிஎன்3270 இணைப்புகளை டிஎல்எஸ் என்ற மறையாக்க உறைக்குள் போட்டு அனுப்புவது இதற்காகத்தான்.