கான்டெக்ஸ்ட்: சூழல் அன்று, சூழமைவு

'கான்டெக்ஸ்ட் ஓரியண்டட் புரோகிராமிங்' என்பதைச் 'சூழல் சார்ந்த நிரலாக்கம்' என்று எழுதுவது பெருகிவிட்டது. 'சூழல்', 'சார்ந்த' என்ற இரண்டு சொல்லுமே தவறு. அதிலும் முதல் சொல் பொருளையே கெடுக்கிறது.

நுட்பம் இதுதான். ஒரு வரைபடச் செயலி இருக்கிறது. மின்கலம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், நொடிக்கு ஒருமுறை இருப்பிடம் கேட்பதை 30 நொடிக்கு ஒருமுறையாக்க வேண்டும். அசைவூட்டத்தை நிறுத்த வேண்டும். படத்தைக் குறைந்த தெளிவில் வரைய வேண்டும். வழக்கமாக மூன்று இடத்திலும் ஒரே 'இஃப்' நிபந்தனையை எழுதுவோம். 'இரவு', 'இணையம் இல்லை' என்று இன்னும் இரண்டு நிலைகள் வந்து சேர்ந்தால் நிபந்தனைகள் பின்னிக்கொள்ளும்; ஓரிடத்தில் திருத்தியது இன்னோரிடத்தில் விட்டுப்போகும். இந்த நுட்பத்தில் மூன்று மாற்றங்களையும் ஒரே படலமாக ('லேயர்') எழுதி, அதற்குச் சிக்கனப் படலம் என்று பெயர் வைத்து, தேவைப்படும்போது முதன்மை நிரலின்மேல் போர்த்துகிறோம். தேவை முடிந்ததும் எடுத்துவிடுகிறோம். பாஸ்கல் கோஸ்டான்சாவும் ராபர்ட் ஹிர்ஷ்ஃபெல்டும் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியின்மேல் கட்டி 2005-இல் வெளியிட்ட கான்டெக்ஸ்ட்எல் இவ்வகை மொழிகளில் முன்னோடி.

சொல்லின் வேர் லத்தீனில் 'டெக்செரே', அதாவது நெய்தல். சேர்த்து நெய்ததே கான்டெக்ஸ்ட். இழைக்கும் பனுவலுக்கும் 'நூல்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது புதிய கற்பனை இல்லை.

'சூழல்' ஏன் கூடாது? 'என்விரான்மென்ட்' என்பதற்கு அது எப்போதோ கொடுக்கப்பட்டுவிட்டது. சுற்றுச்சூழல், வளர்ச்சிச் சூழல், சூழல் மாறி எல்லாம் நிலைத்துவிட்டன. சூழல் மாறி ('என்விரான்மென்ட் வேரியபிள்') என்பது நிரல் தொடங்கும்போது வெளியிலிருந்து அதன் கைக்கு வரும் மதிப்பின் நகல். பிறகு வெளியே அதை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குத் தெரியாது. கான்டெக்ஸ்ட் இதற்கு நேர்மாறு. ஓட்டத்தின் நடுவிலேயே மாறும். நிரலுக்கு உள்ளிருந்தும் வரும்: யார் அழைத்தார், எந்தப் பயனருக்காக, எந்த இழையில் ('த்ரெட்', ஒரு நிரலுக்குள் தனித்தனியே ஓடும் பணிகளில் ஒன்று). ஒரே நிரலில், ஒரே நொடியில், ஓர் இழையில் சிக்கனப் படலம் போர்த்தியிருக்கும். பக்கத்து இழையில் இருக்காது. சூழல் ஒன்று, கான்டெக்ஸ்ட் இரண்டு. 'சூழல் மாறும்போது சூழல் மாறிகள் மாறுவதில்லை' என்று எழுதிப் பாருங்கள். தொழில்நுட்பப்படி முழுக்கச் சரியான வாக்கியம். படிப்பவருக்கோ வெறும் குழப்பம்.

'சூழ்நிலை' என்றாலும் தீராது. இயங்குதளப் பாடத்தில் 'கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்' என்பதைச் 'சூழ்நிலை மாற்றம்' என்று படிக்கும் மாணவருக்கு வானிலைதான் நினைவுக்கு வருமே தவிர, கணினியின் மையச் செயலகத்தில் ஒரு பணியின் மதிப்புகளை வைத்திருக்கும் பதிவகங்களைச் சேமித்துவிட்டு அடுத்த பணியின் பதிவகங்களை ஏற்றுவது வராது. 'பின்னணி'யோ திரைக்குப் பின்னால் ஓடும் பணிகளுக்குப் போய்விட்டது. 'சந்தர்ப்பம்' வடமொழியில் கோத்தல் என்ற பொருளுடையது, வேருக்கு மிக நெருக்கம். ஆனால் மக்கள் வாயில் அது வாய்ப்பு. மனத்துக்கு இனியது 'இடம்'தான். 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று தேர்வுத்தாளில் கேட்பது இதே கருத்து. 'இடம் பொருள் ஏவல்' என்கிறோமே, அதுவும் இதே. ஆனால் கைப்பேசி நிரலில் இருப்பிடம் கான்டெக்ஸ்ட்டின் ஒரு கூறு மட்டுமே. கூறின் பெயரை முழுமைக்கு வைக்க முடியாது.

எஞ்சுவது சூழமைவு. மொழியியலார் கையில் ஏற்கெனவே புழங்கும் சொல். சுற்றிலும் அமைந்து பொருளை முடிவு செய்வது என்ற கருத்து 'அமைவு' என்பதிலேயே இருக்கிறது. சூழலோடு ஒலி ஒத்திருக்கிறதே என்பார்கள். உறவுள்ள கருத்துகளுக்கு ஒரே வேர் இருப்பது குறையன்று. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதுதான் குறை.

அடுத்தது 'சார்ந்த'. சார்தல் வேறு, நோக்குதல் வேறு. 'இஃப்' போட்டு எழுதிய பழைய நிரலும் சூழமைவைச் சார்ந்ததுதான். சூழமைவையே வடிவமைப்பின் அலகாக எடுப்பதுதான் இங்கே புதிது. 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்' என்பதைப் பொருள்நோக்கு நிரலாக்கம் என்று பழகிவிட்டோம். அந்த அச்சிலேயே சூழமைவுநோக்கு நிரலாக்கம் என்பதே சரி. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கத்தால்தான் இப்படி ஆகிறது. மொழிபெயர்ப்பவர் ஒரு பத்து வரி நிரலாவது எழுதி ஓட்டிப் பார்த்தால் பாதிப் பிழை குறையும்.

'லேயர்' என்பதையும் 'அடுக்கு' என்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி மேலிருந்தே எடுக்கும் 'ஸ்டாக்' என்பதற்கும் அதே சொல்லைப் போடுகிறவர்கள் உண்டு. படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் ஏறும். கடைசியாகப் போர்த்தியது முதலில் இயங்கும். 'அடுக்குகளை அடுக்கில் அடுக்கு' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? ஓசோன் படலம் என்று சொல்லும் நாக்குக்குப் படலம் கடினமில்லை.

படலத்துக்குள் எழுதும் 'புரொசீட்' என்ற கட்டளையின் நிலை இன்னும் மோசம். அதைத் 'தொடர்' என்று பெயர்த்தால், மடக்கில் ('லூப்') அடுத்த சுற்றுக்குத் தாவும் கட்டளையோடு கலந்துவிடும். இது தாவல் அன்று: கீழே உள்ள படலத்தையோ முதன்மை நிரலில் உள்ள செயல்முறையையோ அழைத்து, விடையோடு இங்கேயே திரும்பி வருவது. 'கீழ் அழை' என்றால் போதும். சிக்கனப் படலத்தில் அந்த ஒரு வரியை எழுத மறந்தால் இருப்பிடம் 30 நொடிக்கு ஒருமுறைகூட வராது. முதன்மைச் செயல்முறையை யாரும் அழைக்கவே இல்லை.