இரண்டும் ஏஎம்க்யூபிதானே, பிறகு ஏன் இணைய மாட்டேன் என்கிறது?

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு போன். வாகன உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தின் டெக் லீட். அவர்கள் கம்பெனியை ஒரு பெரிய குழுமம் வாங்கியிருக்கிறது. இங்கே ஒரு பாகம் விற்றால், அந்தத் தகவல் தலைமை அலுவலக சர்வருக்கு உடனே போய்ச் சேர வேண்டும். இப்படி மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் ஒரு மொழியின் (புரோட்டோகாலின்) பெயர் ஏஎம்க்யூபி. மெசேஜை வாங்கி வைத்து உரியவருக்குக் கொடுக்கும் இடைமென்பொருளை புரோக்கர் என்பார்கள், அதில் ஒன்றுதான் ராபிட்எம்க்யூ. "மேடம், நாங்க ராபிட்எம்க்யூ வச்சிருக்கோம். அவங்க சர்வரும் ஏஎம்க்யூபிதான். அதே 5672 போர்ட். கனெக்ட் ஆகுது, ஆன உடனே கட் ஆகுது. ஃபயர்வாலா இருக்குமா?"

மூன்று நாளாக நெட்வொர்க் குழுவோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஃபயர்வாலில் ஒரு குறையும் இல்லை. இந்த ஒரே கேள்வியோடு எனக்கு இந்த வருடம் வந்த நான்காவது போன் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டெஸ்ட் சர்வரில் குறியாக்கம் போடாமல் வைத்திருந்ததால் நெட்வொர்க்கில் போகும் பைட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் எல்லாம் அப்படியே தெரிந்தது. இணைப்பு திறந்ததும் இவர்கள் பக்கம் அனுப்பியது எட்டே எட்டு பைட். முதல் நான்கு, ஏஎம்க்யூபி என்ற ஆங்கில எழுத்துகள். அடுத்த நான்கு: 0, 0, 9, 1. அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்ததும் எட்டு பைட்தான். அதே நான்கு எழுத்துகள், அப்புறம் 3, 1, 0, 0. அதோடு இணைப்பை மூடிவிட்டது. இவர்கள் "நான் பேசுவது 0-9-1" என்றார்கள். அவர்கள் "எனக்குத் தெரிந்தது 1.0, அதுவும் முதலில் நீ யாரென்று நிரூபித்துவிட்டுப் பேசு" என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. மூன்று நாள் சண்டைக்கான பதில் அந்தப் பதினாறு பைட்டில் இருந்தது.

"வெர்ஷன்தானே மேடம், அப்கிரேடு பண்ணா சரியாகிடும்ல?" என்றார். ஆகாது. 0-9-1, 1.0 என்ற எண்களைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆனால் பெயர்தான் ஒன்று, புரோட்டோகால் வேறு. 0-9-1-இல் எக்ஸ்சேஞ்ச் (மெசேஜைப் பிரித்து அனுப்பும் இடம்), கியூ (மெசேஜ் காத்திருக்கும் வரிசை), பைண்டிங் (இரண்டையும் கட்டும் இணைப்பு) எல்லாம் புரோட்டோகாலின் பாகங்கள். உங்கள் புரோகிராமே இணைந்தவுடன் "இந்த எக்ஸ்சேஞ்சை உருவாக்கு, இந்த கியூவை அதோடு கட்டு" என்று கட்டளை போடலாம். 1.0-இன் மைய விவரக்குறிப்பில் அந்தக் கட்டளைகளே கிடையாது. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மெசேஜ் எப்படிப் போகும், எத்தனை மெசேஜ் வரை தாங்குவேன் என்று வாங்குபவர் எப்படிச் சொல்வார் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. புரோக்கருக்குள்ளே கியூவை எப்படி அமைக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

இதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீரும். 2003-இல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓ'ஹாரா தொடங்கிய வேலை இது. ஒவ்வொரு மெசேஜிங் மென்பொருளும் தனக்கென்று ஒரு மொழி வைத்திருந்தது. ஒன்றை வாங்கிவிட்டால் அதிலிருந்து வெளியே வர முடியாது. மின்னஞ்சலுக்கு எஸ்எம்டிபி இருப்பது போல மெசேஜ் கியூவுக்கும் ஒரு பொது மொழி வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த ஆரம்ப வடிவங்களை வைத்து 2007-இல் ராபிட்எம்க்யூ வந்தது. 2008-இல் 0-9-1. அதன் பிறகு குழு அடிப்படையையே மாற்றி எழுதி 2011-இல் 1.0-ஐ வெளியிட்டது. 2012-இல் ஓயேசிஸ் என்ற அமைப்பின் தரநிலை ஆனதும், 2014-இல் ஐஎஸ்ஓ 19464 ஆனதும் இந்த 1.0-தான். ஆனால் அதற்குள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் 0-9-1-இல் ஓடிக்கொண்டிருந்தன. ராபிட்எம்க்யூவில் 1.0 பல வருடம் ஒரு பிளகின்னாகவே, அதாவது தனியாகச் சேர்க்கும் துணை நிரலாகவே, இருந்தது. 2024-இல் வந்த 4.0-இல்தான் பிளகின் இல்லாமல் நேரடியாகக் கிடைத்தது. ஆக, "நாங்கள் பயன்படுத்துவது ஐஎஸ்ஓ தரநிலை" என்று டெண்டர் ஆவணத்தில் எழுதிவிட்டு 0-9-1 லைப்ரரியை இணைத்திருந்தால், நீங்கள் எழுதியது தவறு.

ராபிட்எம்க்யூவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் பதினைந்து வருடமாக நம்பிப் பயன்படுத்தும் மென்பொருள் அது. குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த டெக் லீட் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: "ஓப்பன் சோர்ஸ்தானே எடுத்தோம் மேடம், அப்போ ஓப்பன் ஸ்டாண்டர்டாத்தானே இருக்கணும்?"

இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஐந்து வருட அனுபவம் உள்ளவர்கள் சொல்கிறார்கள், ஆர்க்கிடெக்ட் என்று பதவி போட்டவர்கள் சொல்கிறார்கள், மென்பொருள் வாங்கும் குழுக்கூட்டத்தில் மேலாளர்கள் சொல்கிறார்கள். அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

திறமூலம் என்பது மூலநிரலுக்கான உரிமம். படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். திறந்த தரநிலை என்பது ஓர் ஆவணம். இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று பலர் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் உரிமத்தொகை கட்டாமல் அதைச் செயல்படுத்தலாம் என்று விட்டுவைத்தது. முன்னது ஒரு பொருளைப் பற்றியது, பின்னது பொருள்களுக்கு நடுவே உள்ள ஒப்பந்தத்தைப் பற்றியது. வீட்டில் பல்பு ஃபியூஸ் ஆனால், தெருமுனைக் கடையில் எந்தக் கம்பெனி பல்பு வாங்கினாலும் ஹோல்டரில் மாட்டுகிறது. காரணம், இரண்டு முள் வைத்த அந்த மூடியின் அளவு எல்லோருக்கும் பொது. ஒரு கம்பெனி பல்பு செய்யும் முறை முழுவதையும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மூடியை மட்டும் தன் இஷ்டத்துக்கு வைத்தால்? செய்முறை திறந்திருக்கிறது, ஆனால் உங்கள் ஹோல்டரில் மாட்டாது.

மூடிய மென்பொருளும் திறந்த தரநிலையைப் பேசலாம். ஐபிஎம் எம்க்யூ என்ற புரோக்கரின் மூலநிரல் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் அது எம்க்யூடிடி என்ற இன்னொரு மெசேஜ் தரநிலையும் பேசும், ஏஎம்க்யூபி 1.0-வும் பேசும். மைக்ரோசாஃப்டின் மெசேஜ் சேவையான அஜூர் சர்வீஸ் பஸ்ஸும் 1.0 பேசும். திறமூல மென்பொருள் தன் சொந்த மொழியை மட்டும் பேசலாம். ஆக்டிவ்எம்க்யூ என்ற திறமூல புரோக்கரின் மொழியான ஓப்பன்வயர் என்ற பெயரில் 'ஓப்பன்' இருப்பதால் அதைத் தரநிலை என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆக்டிவ்எம்க்யூவின் சொந்த மொழி.

நம் மத்திய அரசு கூட இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கை 2010-இல் வந்தது. திறமூல மென்பொருள் கொள்கை 2015-இல் வந்தது. முதல் ஆவணத்தை ஒருமுறை படியுங்கள். காப்புரிமைக்குக் காசு கேட்கக் கூடாது, லாப நோக்கமில்லாத அமைப்பு பராமரிக்க வேண்டும் என்று அது வைக்கும் நிபந்தனைகள் தரநிலையைப் பற்றியவை, மூலநிரலைப் பற்றியவை அல்ல. அரசுத் துறைக்கு மென்பொருள் எழுதும் நிறுவனங்களே இரண்டையும் ஒரே பெட்டியில் டிக் அடிப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

"கோடுதான் திறந்திருக்கே, நாமே மாத்திக்கலாமே" என்பது அடுத்த பதில். சரி, மாற்றலாம். ராபிட்எம்க்யூ எர்லாங் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. உங்கள் குழுவில் எர்லாங் தெரிந்தவர் எத்தனை பேர்? நீங்கள் மாற்றிய பிரதியை ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தின்போதும் யார் ஒட்டவைப்பார்கள்? எல்லாம் செய்தாலும், எதிர்முனையில் இருப்பவர் உங்கள் மாற்றத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமே.

ஜாவா உலகத்தில் இதே கோளாறு ஜேஎம்எஸ் என்ற பெயரில் வரும். ஜேஎம்எஸ் தரநிலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் நிரல் லைப்ரரியை எப்படி அழைக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. கம்பியில் போகும் பைட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அதனால் இரண்டு ஜேஎம்எஸ் புரோக்கர்கள் ஒன்றோடொன்று பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்த புரோக்கரோ அந்த புரோக்கரின் கிளையன்ட் லைப்ரரி வேண்டும். கூடவே ஒரு வேண்டுகோள்: ஜாவா ஆப்ஜெக்டை அப்படியே சீரியலைஸ் செய்து (பைட்டுகளாக மாற்றி) மெசேஜில் அனுப்பாதீர்கள். அது மற்ற மொழிக்காரர்களுக்குக் கதவை அடைக்கிறது, தாக்குபவர்களுக்குத் திறந்துவிடுகிறது.

தரநிலைக்கும் உரிமையாளர் இருப்பார் என்பதை ஜாவாக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பெருநிறுவன அப்ளிகேஷன்களுக்கான ஜாவா தரநிலைத் தொகுப்பான ஜாவா இஇ 2017-இல் ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறியது. ஆனால் பெயருக்கான வணிகக்குறி ஆரக்கிளிடமே இருந்தது. விளைவு, புதுப்பெயரோடு 2020-இல் ஜகார்த்தா இஇ 9 வந்தபோது ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் என்ற ஜாவா சர்வரின் 9-ஆம் பதிப்பில் ஓடிய அப்ளிகேஷனை டாம்கேட் 10-இல் அப்படியே போட்டால் எழாது. அதற்கும் முன்பு, ஜாவாவுக்கான சோதனைத் தொகுப்பைக் கட்டுப்பாடு இல்லாமல் தர ஆரக்கிள் மறுத்ததால், அப்பாச்சி அறக்கட்டளை 2010 டிசம்பரில் ஜாவாவின் தரநிலைக் குழுவிலிருந்தே வெளியேறியது. விவரக்குறிப்பை யாரும் படிக்கலாம், ஆனால் "நான் அதற்கு இணங்குகிறேன்" என்று நிரூபிக்கும் தேர்வை எழுத அனுமதி வேண்டும் என்றால், அது பாதிதான் திறந்திருக்கிறது.

மெசேஜ்களைக் கையாளும் இன்னொரு பிரபல மென்பொருளான காஃப்கா பற்றிக் கேட்பீர்கள். அது முழுத் திறமூலம். அதன் புரோட்டோகாலும் ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது, வேறு பல மென்பொருள்களும் அதைப் பேசுகின்றன. ஆனால் எந்தத் தரநிலை அமைப்பின் கையிலும் இல்லை. அந்தத் திட்டமே முடிவெடுக்கிறது. 2025-இல் வந்த காஃப்கா 4.0, பழைய புரோட்டோகால் வடிவங்களைக் கைவிட்டது. 2.1-க்கு முந்தைய கிளையன்ட் வைத்திருப்பவர்களால் இணைய முடியாது. நியாயமான முடிவுதான். உங்கள் கடை ஓரத்தில் எட்டு வருடமாக யாரும் தொடாமல் ஓடும் அந்தச் சின்ன ஜாவா புரோகிராமுக்கு இது தெரியுமா என்று பாருங்கள்.

இனி செய்ய வேண்டியவை. ஆவணத்தில் "ஏஎம்க்யூபி" என்று மட்டும் எழுதாதீர்கள், எண்ணோடு எழுதுங்கள். எம்க்யூடிடிக்கும் அப்படியே: 3.1.1-ஆ, 5-ஆ? "ஓப்பன் ஸ்டாண்டர்டு சப்போர்ட் உண்டு" என்று விற்பனையாளர் சொன்னால் தலையாட்டாதீர்கள். எந்தத் தரநிலை, எந்த வெர்ஷன், எந்தப் பகுதி செயல்படுத்தப்படவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், இரவில் எனக்குப் போன் செய்த பிறகு அல்ல. புரோக்கரின் தனிவசதிகளைப் பயன்படுத்துவதில் தப்பில்லை, ஆனால் அவற்றை ஒரே கோப்பில், ஒரே அடுக்கில் வையுங்கள். நூறு இடத்தில் தூவாதீர்கள். அப்புறம், வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் அப்ளிகேஷனை அதே தரநிலை பேசும் வேறொரு புரோக்கரோடு இணைத்துப் பாருங்கள். 1.0 பேசும் ஆர்ட்டெமிஸ் என்ற புரோக்கர் இலவசம். அரை நாள் வேலை. எங்கே உடைகிறதோ, அங்கேதான் நீங்கள் கட்டுண்டிருக்கிறீர்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன்: லைப்ரரியின் ரீட்மீயோடு நிறுத்தாதீர்கள், அப்பா. தரநிலை ஆவணத்தின் முதல் இருபது பக்கத்தைப் படியுங்கள். அந்த எட்டு பைட் அந்த ஆவணத்தில்தான் எழுதியிருக்கிறது.

அந்த உதிரிபாக நிறுவனத்துக்கு இப்போதைக்கு ராபிட்எம்க்யூவின் ஷவல் பிளகினை நடுவில் வைத்திருக்கிறோம். அது ஒரு பக்கம் 0-9-1-இல் வாங்கி, மறுபக்கம் 1.0-இல் கொடுக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து ஸ்டாக் விவரம் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. தேதிப் புலங்கள் இரண்டு மெசேஜில் மட்டும் இன்னும் தவறாகப் போகின்றன, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.