மலடு என்று விற்ற பன்றியும் எழுதி வைக்காத தேதியும்

பன்றியின் கருப்பையை முதன்முறை பார்ப்பவர்கள் அதைக் குடல் என்றுதான் நினைப்பார்கள். போன ஆண்டு இறைச்சிக் கூடத்தில் ஒரு பண்ணையாளரும் அப்படித்தான் கேட்டார்: "என்ன டாக்டர், குடல் முடிச்சு முடிச்சாக இருக்கிறது?" ஒரு முடிச்சைக் கீறிக் காட்டினேன். உள்ளே விரல் நீளத்தில் ஒரு குட்டி. இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணினோம், 13 இருந்தன. சினையே பிடிக்காத மலடு என்று திட்டி, அவரே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த வெள்ளை யார்க்‌ஷயர் இனப் பன்றி அது.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 114 நாள் சினைக்காலத்தில் முதல் இரண்டு மாதம் பன்றியின் வயிறு எதையும் காட்டிக்கொடுக்காது. சேர்க்கை நடந்த தேதியை எழுதி வைக்காவிட்டால் பார்வையை நம்பித்தான் முடிவு செய்ய வேண்டும். பார்வை ஏமாற்றிவிடும்.

கருப்பை இரண்டு பக்கமும் குழாய்களாகப் பிரிந்து நீளும்; அவற்றைக் கொம்புகள் என்போம். மாட்டுக்குக் கருப்பைக் கொம்புகள் குட்டையானவை. ஒரு கன்றுக்கு அது போதும். பன்றிக்கோ ஒவ்வொரு கொம்பும் மிக நீளமானது; ஒரு மீட்டரையும் தாண்டலாம். ஒரே பருவத்தில் இரண்டு சினைப்பைகளிலிருந்தும் 15 முதல் 20 கருமுட்டைகள் வரை வெளிவரும். உருவான கருக்கள் ஒன்றையொன்று நெருக்காமல் இரு கொம்புகளிலும் பரவி இடம் பிடித்துக்கொள்கின்றன. 11, 12ஆம் நாளில் அவை தாயின் உடலுக்கு "நாங்கள் இருக்கிறோம்" என்று ஹார்மோன் வழியே தெரிவிக்க வேண்டும். குறைந்தது நான்கு கருக்களாவது இல்லாவிட்டால் அந்தக் குரல் எடுபடாது; பன்றி மறுபடி பருவத்துக்கு வந்துவிடும்.

அதனால்தான் "திரும்பப் பருவத்துக்கு வந்துவிட்டது" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், எத்தனையாவது நாளில் என்பதே என் முதல் கேள்வி. 18 முதல் 24 நாளுக்குள் என்றால் பெரும்பாலும் கரு தரிக்கவே இல்லை. சேர்க்கை நேரத்தையோ விந்தின் தரத்தையோ சந்தேகிக்கலாம். 25 நாளைத் தாண்டி, ஒரு கணக்கில்லாமல் வந்தால், தரித்த கரு அழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது நான் கொட்டகையின் வெப்பம், தீவனம், தொற்றுநோய் என்று வேறு பக்கம் தேடுவேன். ஒரே ஒரு தேதி இருந்தால் பாதி நோயறிதல் முடிந்துவிடும். பெரும்பாலும் "போன அமாவாசைக்கு முன்னால்" என்றுதான் பதில் வரும்.

சேர்க்கை நேரத்தில் மாட்டுப் பழக்கம் பன்றிக்குக் கெடுதல் செய்கிறது. மாட்டின் பருவம் ஒரு நாளைக்குள் முடிந்துவிடும். குட்டி ஈன்ற தாய்ப்பன்றிக்கு இரண்டு, மூன்று நாள் நீடிக்கும். கருமுட்டைகள் வெளிவருவது அதன் பிற்பகுதியில். பிறப்புறுப்பு சிவந்து வீங்கிய உடனே அவசரப்பட்டால் விந்து காத்திருந்து செத்துப்போகும். ஆண் பன்றி எதிரே நிற்க, முதுகில் கையை வைத்து அழுத்துங்கள். காதை நிமிர்த்தி, கால் ஊன்றி அசையாமல் நின்றால் அதுதான் கணக்கின் தொடக்கம். அதிலிருந்து ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு 12 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. இன்னும் ஈனாத இளம் பன்றிக்குப் பருவம் சுருக்கம் என்பதால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

சினை ஊசி போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்றியின் கருப்பை வாய் உள்ளே மேடும் பள்ளமுமாகத் திருகு போல அமைந்தது. ஆண் பன்றியின் உறுப்பின் நுனியும் அதற்கேற்ற திருகுதான். குழாயை முதுகெலும்பை நோக்கிச் சற்று மேலே சாய்த்துச் செலுத்துங்கள். கீழ்ப்பக்கமாகப் போனால் சிறுநீர்த் துளைக்குள் நுழைந்துவிடும். தடை தெரிந்ததும் திருகு முனைக் குழாயை இடப்புறமாகத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பிறகு விந்துப் புட்டியைப் பிழியவே பிழியாதீர்கள். பன்றி தானாக உறிஞ்ச ஐந்து நிமிடம் கொடுங்கள். விலாவைத் தடவிக் கொடுத்தால் இன்னும் நன்றாக இழுக்கும். பிழிந்து ஊற்றினால் பாதி தரையில்தான் கிடக்கும்.

தீவனத்தில் இரண்டு தொல்லைகள். ஓட்டல் கழிவை அளவில்லாமல் கொட்டிக் கொழுக்க வைத்த பன்றிகள் பருவம் தவறுகின்றன. பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளம் அதைவிட மோசம்: அதிலுள்ள நஞ்சு பெண் ஹார்மோன் போலவே வேலை செய்து, பருவத்துக்கு வராத இளம் பன்றிக்கும் பிறப்புறுப்பைச் சிவந்து வீங்க வைக்கும். ஆண் பன்றியை விட்டுப் பார்த்தால் நிற்காது. இதையும் மலட்டுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்த மக்காச்சோளம் மாட்டுக்கு ஆகுமா என்றும் கேட்கிறார்கள். ஆகாது.

உண்மையான மலடு இல்லாமல் இல்லை. எட்டு மாதம் தாண்டியும் பிறப்புறுப்பு பிஞ்சாகவே இருக்கிற இளம் பன்றியை வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் விற்கும் முன் ஒரு முறை ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். 30ஆம் நாளிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பண்ணையாளரின் கொட்டகைக்குப் போன மாதம் போயிருந்தேன். ஒவ்வொரு அறையின் சுவரிலும் சுண்ணக்கட்டியால் மூன்று தேதிகள்: சேர்த்த நாள், அதிலிருந்து 21, பிறகு 114. கடைசி அறையில் மூன்றாவது தேதி மறுநாளுக்குரியது. அந்தப் பன்றி ஒரு சாக்குத் துண்டைக் கவ்வி மூலைக்கு இழுத்துப் படுக்கை போட்டுக்கொண்டிருந்தது.