அத்தோலே: கஞ்சியா, கூழா?

மெக்சிகோவில் காலை நேரத் தெருக்கடைகளில் தமாலேயுடன் (மக்காச்சோள மாவைப் பொதிந்து ஆவியில் வேகவைத்த பண்டம்) சேர்த்து, மக்காச்சோள மாவில் காய்ச்சிய ஒரு பானத்தைக் குவளையில் சூடாக ஊற்றித் தருவார்கள், அதுதான் அத்தோலே. இதை 'அட்டோல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்த்து வந்த குழப்பம் அது. ஸ்பானிய மொழியின் அந்த ஒலி நம் தகரத்துக்குத்தான் நெருக்கம், கடைசி ஏகாரத்தையும் விழுங்கக் கூடாது.

சொல்லின் வேர் ஸ்பானியம் அல்ல. அஸ்தெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியில் இது 'ஆத்தோல்லி'. அந்த மொழியில் பெயர்ச்சொல்லின் கடைசியில் வரும் 'லி'யை ஸ்பானியர்கள் 'லே' ஆக்கிக்கொண்டார்கள். மோல்லி என்ற குழம்பு மோலே ஆனதும் இதே வழியில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சோளக் கஞ்சி' என்று எழுதினால் இரண்டு பிழை. சோளம் என்றால் நமக்கு வெள்ளைச்சோளம், செஞ்சோளம், இது மக்காச்சோளம். அடுத்து, கஞ்சி என்றதும் நினைவுக்கு வருவது வெந்த அரிசியும் நீரும். மாவைக் கரைத்துக் காய்ச்சுவது கூழ். ஆகவே 'மக்காச்சோளக் கூழ்' என்பதே என் தேர்வு. நம் கூழைப் போலவே புளிக்க வைத்த அத்தோலேயும் அங்கே உண்டு.

ஆனால் இந்தப் பெயரிலும் ஒன்று விடுபடுகிறது: சுண்ணாம்பு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டால் தோல் கழன்றுவிடும். கழுவி அரைத்தால் 'மாசா' என்னும் மாவு. நம் 'மா'வோடு ஒலி ஒத்தாலும் உறவு இல்லை. இந்தப் பக்குவத்தால்தான் மக்காச்சோளத்தில் அடைபட்டிருக்கும் நயாசின் என்ற வைட்டமின் உடலில் சேர்கிறது. மக்காச்சோளத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் இந்தச் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். மக்காச்சோளத்தையே நம்பிப் பிழைத்த இத்தாலிய ஏழைகளுக்கு, நயாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் வந்தது. கடையில் வாங்கும் சாதாரண மக்காச்சோள மாவில் காய்ச்சினால் சுண்ணாம்புப் பக்குவத்தின் அந்த மணமும் வராது.

காய்ச்சுவது சுலபம். அரைக் கப் மாசா மாவை ஒரு கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். மூன்று கப் பாலோ நீரோ பட்டையோடு கொதித்ததும் கரைசலை ஊற்றி, கை விடாமல் கிண்ட வேண்டும். விட்டால் அடிப்பிடிக்கும். இனிப்புக்கு 'பிலோன்சில்லோ', அதாவது கூம்பு அச்சில் வார்த்த வெல்லம். நம் அச்சுவெல்லம் தாராளமாகப் போதும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பதம் வந்துவிடும். சாக்லேட் சேர்த்தால் பெயர் 'சம்புர்ராதோ', கலந்தது என்று பொருள். அதை நுரைக்க வைக்க உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து உருட்டும் மரக்கருவி 'மொலினில்லோ'. இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம், மத்து என்றாலே போதும்.

பிப்ரவரி 2 அன்று வரும் கந்தெலாரியா திருநாளில் தமாலேயும் அத்தோலேயும் இல்லாமல் விருந்து இல்லை. அப்புறம், 'விரலால் அத்தோலே ஊட்டினான்' என்று மெக்சிகோக்காரர் சொன்னால் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மூரில் அதற்கு அல்வா கொடுத்தான் என்போம்.