யூரியேஸ் சோதனை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வயிறு எரிந்தால் அதற்குப் பெயர் ‘கேஸ்திரிக்’. கிரேக்க மூலத்தில் அச்சொல்லுக்கு ‘வயிறு சார்ந்த’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. ‘எனக்குக் கேஸ்திரிக்’ என்பவர் தமக்கு வயிறு இருப்பதைத்தான் அறிவிக்கிறார்! அந்த எரிச்சலுக்குக் கிருமி காரணமா என்று கண்டறியும் மலிவான வழிகளுள் ஒன்று யூரியேஸ் சோதனை.

யூரியாவைத் தோட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. செம்பனைக்கு மூட்டை மூட்டையாகப் போட்ட உரம்தான். பெயர், சிறுநீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஏஸ்’ என்பது நொதிகளுக்குச் சேர்க்கும் விகுதி. ஆக, யூரியாவைச் சிதைக்கும் நொதி யூரியேஸ். 1926இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் இதை வாளவரை இனப் பயறு ஒன்றிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார்.

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி யூரியேஸைச் சுரந்து, இரைப்பையிலுள்ள யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்கிறது. அதன் கவசமே அதைக் காட்டியும் கொடுத்துவிடுகிறது.

உள்நோக்குக் குழாய் (எண்டோஸ்கோப்) வழியே இரைப்பைச் சவ்வில் அரிசிமணியை விடச் சிறிய துணுக்கைக் கிள்ளியெடுத்து, யூரியாவும் பீனால் சிவப்பு என்ற சாயமும் கலந்த மஞ்சள் கூழில் வைப்பார்கள். கிருமி இருந்தால், அதன் அம்மோனியாவால் கூழ் சிராப் தண்ணீர் போலச் சிவக்கும். கூழ் மலிவு, குழாய்தான் மலிவல்ல. குழாயே வேண்டாமென்றால், கார்பன்-13 (சற்றே கனமான கார்பன் வகை) கலந்த யூரியாவைக் குடித்துவிட்டுப் பையில் ஊதும் மூச்சுச் சோதனை உண்டு; கிருமி உடைத்த யூரியாவின் கார்பன்-13 மூச்சிலுள்ள கரியமில வாயுவில் தெரியும். அதிலும் மாட்டிக்கொள்வது இதே நொதிதான்.

தமிழில் ‘யூரியா நொதிச் சோதனை’ என்றால் போதும். ‘நொதி’ நல்ல ஆக்கம்: ‘என்சைம்’ என்பதன் கிரேக்க வேரும் மாவைப் புளிக்கவைக்கும் பொருளையே சுட்டுகிறது. முன்னால் ‘விரைவு’ (ஆங்கிலத்தில் ‘ரேப்பிட்’) என்று ஒட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. சில வேளைகளில் நிறம் மாற 24 மணி நேரம் ஆகிறது. யூரியாவையும் தமிழாக்க முனைவது வீண்வேலை. உர மூட்டையில் படித்த பெயரை மாற்றினால் யாருக்குப் புரியும்?

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் வகை மாத்திரை சாப்பிடுபவர் இரு வாரமும், நுண்ணுயிர்க்கொல்லி சாப்பிட்டவர் நான்கு வாரமும் இடைவெளி விட்டே இச்சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். மருந்தால் கிருமி அடங்கியிருக்கும்போது, இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிய மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.