படர்தாமரையும் எர்கோஸ்டிராலும்

ஐப்பசி மழையில் பிசான நெல் நடவு தொடங்கினால், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வயல்களில் நாள் முழுக்க நிற்பவர்களின் கால்விரல் இடுக்கு வெந்து சேற்றுப்புண்ணாகும். ஈரத்துணி ஒட்டும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை வட்டமிடும். படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை. சேற்றுப்புண்ணிலும் பல நேரம் அதுவே, சிலசமயம் பாக்டீரியாவும் கூடச் சேரும்.

பாக்டீரியாவைத் தாக்க மருந்து தேடுவதைவிடப் பூஞ்சைக்குத் தேடுவது கடினம். பூஞ்சையின் செல்லும் நம் செல்லைப் போலவே உட்கரு கொண்டது. அதை அழிப்பது நம்மையும் தொட்டுவிடக்கூடும். நல்லவேளையாக ஒரு வேறுபாடு உண்டு. நம் செல்சவ்வுக்கு உறுதி தருவது கொலஸ்டிரால், பூஞ்சையின் சவ்வுக்கு எர்கோஸ்டிரால். பெரும்பாலான பூஞ்சை மருந்துகள் இந்த எர்கோஸ்டிராலைத்தான் குறிவைக்கின்றன. குளோட்ரிமசோல், ஃபுளூகோனசோல், இட்ரகோனசோல் ஆகியவை அதன் தயாரிப்பில் பிற்பகுதியில் வேலை செய்யும் ஒரு நொதியை முடக்குகின்றன. டெர்பினஃபின் இன்னும் முன்னதாகவே மறிக்கிறது. அப்போது தேங்கும் ஸ்குவாலீன் என்ற இடைப்பொருள் பூஞ்சைக்கே நஞ்சாகிறது. பூஞ்சையால் வரும் வாய்ப்புண்ணுக்குத் தரும் நிஸ்டாட்டின் தயாரிப்பில் தலையிடுவதில்லை. சவ்விலுள்ள எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு ஓட்டை போடுகிறது, உள்ளிருப்பவை கசிந்துவிடுகின்றன.

படர்தாமரைப் பூஞ்சை குடியிருப்பது தோலின் இறந்த மேலடுக்கில். அந்த அடுக்கு உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை மருந்து அங்கே இருக்கவேண்டும். அதனால்தான் தடிப்பு மறைந்த பிறகும் களிம்பு பூசச் சொல்கிறார்கள், அதுவும் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை. கால்நகத்தில் பிடித்துவிட்டால் டெர்பினஃபின் மாத்திரை வழக்கமாக 12 வாரம். நகம் முழுதாக வளர்ந்து தெளிய ஓராண்டுக்கு மேலாகும்.

எனக்கு ஆத்திரம் தருவது ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். பூசிய இரண்டொரு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும், 'என்ன கைகண்ட மருந்து!' என்று தோன்றும். உண்மையில் தணிந்தது நம் உடலின் எதிர்ப்பு. காவல் இல்லாத இடத்தில் பூஞ்சை பரவும்; நிறுத்தினால் முன்னைவிட அகலமாகத் தலைகாட்டும். போதாக்குறைக்கு, இந்தியாவில் இப்போது பரவலாகக் காணப்படும் டிரைக்கோஃபைட்டன் இன்டோட்டினியே என்ற பூஞ்சை இனத்தில், பல நேரம் டெர்பினஃபின் தாக்கவேண்டிய நொதியே மரபணு மாற்றத்தால் உருமாறியிருக்கிறது. அந்தப் பூஞ்சை தொற்றியவர்களுக்குத் தோல் மருத்துவர் பெரும்பாலும் இட்ரகோனசோல் தருகிறார். இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது, வேறு பல மாத்திரைகளோடும் மோதும். தினமும் உண்ணும் மருந்துகளை அவரிடம் சொல்லிவிடவேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு வந்திருந்தால் துண்டைப் பகிராமல், எல்லோரையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கேண்டிடா எனும் ஈஸ்ட் தொற்று வாயிலோ பிறப்புறுப்பிலோ திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையையும் பரிசோதிக்கவேண்டும்.